முழங்கை ஊன்றிய மிதிவண்டி

மிதிவண்டி ஓட்டும்போது உங்கள் உடல் அந்த வண்டியை எத்தனை இடங்களில் தொடுகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? மூன்றே இடங்கள்தாம். பாதங்கள் பெடலைத் தொடுகின்றன. இடுப்பு இருக்கையைத் தொடுகிறது. கைகள் ஹேண்டில் பாரைத் தொடுகின்றன. இந்த மூன்று இடங்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவில், எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தே உங்கள் முதுகு நிமிர்வதும், வளைவதும், முழங்கால் வலிப்பதும், வலிக்காமல் இருப்பதும் அமைகின்றன.

ஆடி மாதத்தில் நத்தத்திலிருந்து திண்டுக்கல் நோக்கி மிதிவண்டியில் போகிறவர்களைப் பாருங்கள். கோபால்பட்டி, சாணார்பட்டி வழியாக மேற்கு நோக்கிச் செல்லும் சாலை அது. எதிரே காற்று சீறிக்கொண்டு வரும். அம்மியையே பறக்கவைக்கும் என்று நம் முன்னோர் சொன்ன காற்றல்லவா! அந்நேரத்தில் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தி, முழங்கைகளை மடக்கிக்கொள்கிறார்கள். எவரும் அவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. காற்றே கற்பித்துவிடுகிறது.

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிக்கும் போட்டிக்கு டிரையத்லான் என்று பெயர். இப்போட்டிக்கென்று செய்யப்படும் மிதிவண்டியில், ஆடிக் காற்றில் நாம் சில நிமிடங்கள் மட்டும் மேற்கொள்ளும் அதே வளைந்த நிலையில் வீரர் மணிக்கணக்காக அமர்ந்திருக்க வேண்டும். அவருடைய முழங்கைகள் இரண்டும் மெத்தை வைத்த இரு சிறு தாங்கிகளில் ஊன்றியிருக்கும். படத்தில் பார்க்கும்போது மிக அழகாகத் தோன்றும். ஆனால் இத்தகைய வண்டியை முதன்முதலாக வாங்கி ஏறி அமரும் இளைஞர்களில் பலர் அரை மணி நேரத்துக்குள் கழுத்து வலிக்கிறது, தோள் இறுகுகிறது, தொடையிடுக்கு மரத்துப்போகிறது என்று இறங்கிவிடுகிறார்கள். வண்டியில் குற்றமா, உடலில் குற்றமா?

இதற்கு விடை காண வேண்டுமானால், மிதிவண்டியின் மேல் மனிதன் அமர்ந்த வரலாற்றை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

முதல் வண்டியிலும் முழங்கைத் தாங்கி

1817ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் என்பவர் மரத்தாலான இரு சக்கர வண்டி ஒன்றில் ஏறிப் புறப்பட்டார். ஏறத்தாழ 13 கி.மீ. தொலைவை ஒரு மணிக்கும் குறைவான நேரத்தில் கடந்தார். அந்த வண்டிக்குப் பெடலும் இல்லை, சங்கிலியும் இல்லை. கால்களால் தரையை மாறி மாறி உந்தி ஓட்ட வேண்டும்.

இவ்வண்டியில் நாம் உற்று நோக்கவேண்டிய பகுதி ஒன்று உண்டு. ஓட்டுபவரின் மார்புக்கு முன்னால் மெத்தை வைத்த ஒரு பலகை இருந்தது. முன்கைகளை அதன்மேல் ஊன்றிக்கொண்டு உடலின் சமநிலையைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது டிரைஸின் ஏற்பாடு. சக்கரத்தைத் திருப்புவதற்குத் தனியாக ஒரு கோல் இருந்தது. ஆக, முழங்கை ஊன்றி அமரும் முறை இன்று நேற்று வந்ததன்று. இரு சக்கர வண்டி பிறந்த நாளிலேயே அதுவும் பிறந்துவிட்டது. பின்னர் வந்தவர்கள் அதை மறந்துவிட்டார்கள். ஏறக்குறைய 170 ஆண்டுகள் கழித்து, வேறொரு காரணத்துக்காக அது திரும்பி வந்தது.

காலுக்கு ஏற்ற சக்கரம்

1860களில் பாரிஸ் நகரில் முன்சக்கரத்தின் அச்சிலேயே பெடலைப் பொருத்திய வண்டிகள் வந்தன. பெடலை ஒரு முறை சுற்றினால் சக்கரமும் ஒரே ஒரு முறைதான் சுற்றும். அப்படியானால் வேகமாகச் செல்ல என்ன வழி? சக்கரத்தைப் பெரிதாக்குவதுதான். 1870களில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி முதலியோர் முன்சக்கரம் மிகப் பெரியதாகவும் பின்சக்கரம் மிகச் சிறியதாகவும் உள்ள உயர் சக்கர வண்டிகளைச் செய்தனர். 54 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 4.3 மீட்டர் தூரம் ஓடும்.

ஆனால் சக்கரத்தை விருப்பம்போலப் பெரிதாக்க முடியுமா? முடியாது. ஓட்டுபவரின் கால் பெடலை எட்ட வேண்டுமே! ஆகவே, தையற்காரர் கால்சட்டைக்கு அளவெடுப்பதைப்போல, வாங்குபவரின் காலை அளந்து அதற்கேற்ற சக்கரமுள்ள வண்டியைக் கொடுத்தார்கள். மிதிவண்டிக்காக உடலை அளக்கும் வழக்கம் இவ்வாறு கட்டாயத்தின் பேரில் தோன்றியது. குட்டையானவர் சிறிய சக்கரத்தோடுதான் மனநிறைவு கொள்ள வேண்டும். நீண்ட பாவாடை உடுத்திய பெண்களுக்கோ அந்த வண்டியில் இடமே இல்லை.

வேறோர் ஆபத்தும் இருந்தது. இருக்கை கிட்டத்தட்ட முன் அச்சுக்கு நேர் மேலே இருந்ததால் உடலின் ஈர்ப்பு மையம் மிக உயரத்திலும் மிக முன்னாலும் அமைந்தது. சக்கரம் ஒரு கல்லில் இடித்தால் போதும். ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். உட்காரும் இடத்தைத் தவறாக அமைத்தால் உயிருக்கே ஊறு விளையும் என்பதை அந்த வண்டி உலகுக்குக் காட்டியது.

1885 கற்பித்த பாடம்

1885ஆம் ஆண்டு கவன்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லியின் சகோதரர் மகனான ஜான் கெம்ப் ஸ்டார்லி, ரோவர் என்னும் வண்டியை வெளியிட்டார். ஏறக்குறைய சம அளவான இரு சக்கரங்கள், நடுவே பெடல், பெடலிலிருந்து பின்சக்கரத்துக்குச் சங்கிலி. இன்று நம் தெருக்களில் ஓடும் மிதிவண்டியின் மூலவடிவம் இதுவே.

இதன் சிறப்பு எதில் இருக்கிறது? சங்கிலியும் பல்சக்கரங்களும் வந்தபின், வேகத்துக்கும் சக்கரத்தின் உயரத்துக்கும் இருந்த கட்டு அறுந்துவிட்டது. முன் பல்சக்கரத்தில் 44 பற்களும் பின் பல்சக்கரத்தில் 18 பற்களும் இருந்தால், பெடல் ஒரு முறை சுற்றும்போது பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுற்றும். எனவே இருக்கையைத் தரைக்கு அருகில் இறக்கலாம். முன்னும் பின்னும் நகர்த்தலாம். ஹேண்டில் பாரை ஏற்றலாம், இறக்கலாம். உடல் தொடும் மூன்று இடங்களும் முதன்முறையாக நம் விருப்பத்துக்கு வந்தன. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் எலும்பை உலுக்கும் அதிர்ச்சியும் குறைந்தது. குறுக்குத் தண்டைத் தாழ்த்தி வளைத்த பெண்கள் வண்டி வந்தது. பெண்கள் பெருந்திரளாக மிதிவண்டி ஏறியது இதற்குப் பின்னரே.

உட்காரும் நிலை மாறினால், ஓட்டுபவர் யார் என்பதும் மாறும். இந்த வரலாற்றில் மீண்டும் மீண்டும் நாம் காணப்போகும் உண்மை இது.

நம்மூர்ப் பெரிய சைக்கிள்

இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து முருகப்பா குழுமம் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. சென்னைக்கு அருகே அம்பத்தூரில் அமைந்த அதன் ஆலையிலிருந்து ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்னும் பெயர்களில் வண்டிகள் ஊரூராகச் சென்றன. நம் பாட்டனார் காலத்துக் கறுப்புச் சைக்கிளை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். 28 அங்குலச் சக்கரம்; 22 அல்லது 24 அங்குலச் சட்டம்; சுருள்வில் வைத்த தோல் இருக்கை; பின்னால் அகன்ற கேரியர்.

அந்த வண்டியின் இருக்கைக் குழாய் நன்றாகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். ஹேண்டில் பார் இருக்கையைவிடச் சற்று உயர்ந்து, ஓட்டுபவரை நோக்கி வளைந்திருக்கும். எனவே அவர் நாற்காலியில் அமர்வதுபோல நிமிர்ந்து அமர்வார். உடலின் எடையில் பெரும்பகுதி இடுப்பின் அடியிலுள்ள இரு எலும்புகளின் வழியாக இருக்கையில் இறங்கும். கைகளுக்குச் சுமை இல்லை. கேரியரில் துணி மூட்டையோ பால் கேனோ வைத்துக்கொண்டு, மேடு பள்ளமான சாலையில் மெதுவாகச் செல்வதற்கு இது மிகப் பொருத்தமான அமைப்பேயாகும்.

ஆனால் ஒரு குறை. வீட்டில் ஒரே சைக்கிள். அது அப்பாவின் உயரத்துக்கு வாங்கியது. இருக்கையை எவ்வளவு இறக்கினாலும் பத்து வயதுப் பையனுக்குக் கால் எட்டாது. அவன் என்ன செய்தான்? குறுக்குத் தண்டுக்குக் கீழே உள்ள முக்கோண இடைவெளியில் ஒரு காலை நுழைத்து, இருக்கையைக் கக்கத்தில் அணைத்துக்கொண்டு, உடலை ஒருபக்கமாக ஒடித்து ஓட்டினான். குரங்குப் பெடல் என்று இதற்கு அழகான பெயரும் வைத்தோம். உங்களில் பலர் இப்படித்தான் கற்றுக்கொண்டிருப்பீர்கள். உடலுக்கு ஏற்ப வண்டியை அமைக்க முடியாதபோது, வண்டிக்கு ஏற்ப உடலை முறுக்கிக்கொள்ளும் வித்தை அது. பையன்களுக்காவது அந்த வித்தை வாய்த்தது. பெண்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை.

புதுக்கோட்டையில் நடந்தது

நத்தத்துக்குக் கிழக்கே உள்ள புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவு இயக்கமாகிய அதனுடன் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் இணைக்கப்பட்டது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதில் பெரும் ஆர்வம் காட்டினார். வயல் வேலை செய்வோர், கல்குவாரித் தொழிலாளர், கிராமச் செவிலியர், ஆசிரியைகள் எனப் பலதரப்பட்ட பெண்களும் கற்றனர். 1992ஆம் ஆண்டு அனைத்துலகப் பெண்கள் தினத்தை ஒட்டி, 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய மிதிவண்டிகளில் புதுக்கோட்டை நகரை வலம் வந்தனர்.

அக்காலத்தில் நிகழ்ந்த ஒரு செய்தி நம் கட்டுரைப் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. பெண்களுக்கான வண்டிகள் போதுமான அளவு கிடைக்கவில்லை. எனவே பலர் ஆண்கள் வண்டியிலேயே கற்றனர். சிலர் அதையே விரும்பவும் செய்தனர். காரணம் என்ன? இருக்கைக்கும் ஹேண்டில் பாருக்கும் இடையே உள்ள குறுக்குத் தண்டின்மேல் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம்! வண்டியைச் செய்தவர்களின் எண்ணத்தில் அந்தத் தண்டு சட்டத்துக்கு வலுவூட்டும் ஓர் உறுப்பு. தாய்க்கோ அது குழந்தையின் இருக்கை. தனக்கு எது வசதி என்பதை ஓட்டுபவரே கண்டு சொன்னார்.

அதன்பின் 2000களில் அரசுப் பள்ளி மாணவ மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டம் விரிவடைந்தது. சீருடையணிந்த மாணவியர் வரிசையாகச் சைக்கிளில் செல்வது இன்று நமக்கு வியப்பூட்டாத காட்சி. மூன்று தொடுமிடங்களும் எட்டும் தூரத்துக்கு வந்ததன் விளைவு அது.

காற்றை எதிர்த்த கதை

இனி வேகத்தின் பக்கம் வருவோம். சமதளத்தில் மெதுவாகச் செல்லும்போது டயரின் உராய்வும் காற்றின் எதிர்ப்பும் சிறிய அளவிலேயே இருக்கும். வேகம் கூடக்கூட உராய்வு அதிகம் மாறாது. காற்றெதிர்ப்போ வேகத்தின் இருமடியாக வளரும். வேகம் இரு மடங்கானால் எதிர்ப்பு விசை நான்கு மடங்காகும். அந்த விசையை வெல்லக் கால்கள் ஒவ்வொரு நொடியும் செலவிடும் ஆற்றலோ எட்டு மடங்காகும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் வீசும் ஆடிக் காற்றுக்கு எதிரே நீங்கள் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் சென்றால், உங்கள் மார்பில் மோதுவது 40 கி.மீ. வேகக் காற்று. திண்டுக்கல் சாலையில் முதுகு தானே வளைவதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

இந்த எதிர்ப்பில் வண்டியின் பங்கு சிறிது. பெரும்பங்கு ஓட்டுபவரின் உடலால் வருவது. எனவே உடலை எப்படிக் கிடத்துவது என்பதில் பலர் மூளையைச் செலுத்தினர். பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த சார்லஸ் மோஷே, மல்லாந்து சாய்ந்தபடி ஓட்டும் வண்டியைச் செய்தார். 1933ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் பிரான்சிஸ் ஃபோர் என்பவர் அதில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓட்டினார். 1914 முதல் நிலைத்திருந்த ஆஸ்கர் எக்கின் 44.247 கி.மீ. சாதனை முறிந்தது. ஆனால் 1934இல் அனைத்துலக மிதிவண்டிச் சங்கம், இத்தகைய வண்டிகளை மிதிவண்டிப் பந்தயங்களிலிருந்து விலக்கி வைத்தது. வேகத்துக்காக உட்காரும் நிலையை மாற்றும் முயற்சி இதனால் நெடுங்காலம் தேங்கி நின்றது.

மீண்டும் ஊன்றிய முழங்கை

பழைய விதிகளுக்குக் கட்டுப்படாத ஒரு புதிய விளையாட்டு வந்தபோதுதான் அத்தேக்கம் உடைந்தது. 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், மிஷன் பே என்னுமிடத்தில் 46 பேர் கலந்துகொண்ட டிரையத்லான் போட்டி நடந்தது. 1978இல் ஹவாய்த் தீவுகளில் 15 பேர் 3.8 கி.மீ. நீந்தி, 180 கி.மீ. மிதிவண்டி ஓட்டி, 42.2 கி.மீ. ஓட முற்பட்டனர். 12 பேர் முடித்தனர். ‘இரும்பு மனிதன்’ என்ற பெயரில் இன்று உலகெங்கும் நடக்கும் போட்டி அதுவே. அதன் பாதித் தொலைவுப் போட்டி 2019 அக்டோபரில் கோவாவில் முதன்முதலாக இந்திய மண்ணில் நடந்தது. அதில் மிதிவண்டிப் பகுதி மட்டும் 90 கி.மீ. நத்தத்திலிருந்து திண்டுக்கல் சென்று திரும்பி, மீண்டும் பாதி வழி போவதற்குச் சமம் எனலாம்.

இப்போட்டியில் ஒருவர் மற்றொருவரின் முதுகுக்குப் பின்னே ஒளிந்து காற்றைத் தவிர்ப்பது பெரும்பாலும் விதிக்கு மாறானது. காற்றைத் தனியாகவே எதிர்கொள்ள வேண்டும். 1980களில் அமெரிக்கப் பனிச்சறுக்குப் பயிற்சியாளர் பூன் லெனன் இதைச் சிந்தித்தார். மலைச்சரிவில் பாய்ந்து இறங்கும் பனிச்சறுக்கு வீரர்கள் கைகளை முகத்துக்கு முன்னே குவித்துக் குனிந்து செல்வதை அவர் நன்கு அறிந்தவர். அதே நிலையை மிதிவண்டியில் பெற, முழங்கைகளை ஊன்றும் தாங்கிகளுடன் முன்னோக்கி நீண்ட கைப்பிடியை வடிவமைத்தார். 1987இல் அது விற்பனைக்கு வந்தது. டிரைஸின் பலகை சமநிலைக்காக. லெனனின் தாங்கி காற்றுக்காக. ஊன்றிய உறுப்பு ஒன்றேதான்.

இதன் வல்லமையை உலகம் 1989ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் கண்டது. பிரான்ஸ் நாட்டைச் சுற்றும் புகழ்பெற்ற பந்தயத்தின் கடைசி நாள். வெர்சேயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கி.மீ. தூரத்தை ஒவ்வொருவரும் தனித்தனியே கடக்க வேண்டும். பிரான்சின் லோரான் ஃபின்யோன், அமெரிக்காவின் கிரெக் லெமாண்டைவிட 50 விநாடி முன்னிலையில் இருந்தார். லெமாண்ட் முழங்கைத் தாங்கியுடன் புறப்பட்டு மணிக்கு ஏறத்தாழ 54.5 கி.மீ. சராசரி வேகத்தில் பறந்தார். ஃபின்யோனின் வண்டியில் அந்தத் தாங்கி இல்லை. மூவாயிரம் கி.மீ.க்கும் மேற்பட்ட பந்தயத்தில், இறுதியில் லெமாண்ட் வென்றது வெறும் 8 விநாடியில்!

இக்கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் மற்றொரு பாதியும் உண்டு. அந்நாட்களில் ஃபின்யோன், இருக்கை உராய்ந்ததால் உண்டான புண்ணால் பெரிதும் துன்புற்றிருந்தார். கைகள் இருக்குமிடத்தின் சிறப்பை லெமாண்டின் வெற்றி காட்டியது என்றால், இருக்கையில் அமரும் இடத்தின் சிறப்பை ஃபின்யோனின் வேதனை காட்டியது.

ஏன் முன்னே நகர வேண்டும்?

முழங்கைத் தாங்கியைச் சாதாரண வண்டியில் பொருத்தியவர்களுக்கு விரைவிலேயே ஒரு தொல்லை தெரிந்தது. அதை நீங்களே உணரலாம். ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு முழங்காலை மேலே தூக்குங்கள். எளிதாக எழும்பும். இப்போது மார்பு தொடையை நெருங்கும் அளவுக்குக் குனிந்துகொண்டு அதே முழங்காலைத் தூக்குங்கள். தொடை வயிற்றில் முட்டுகிறது, மூச்சும் திணறுகிறது. உடற்பகுதிக்கும் தொடைக்கும் இடையே உள்ள கோணம் மிகக் குறுகிவிட்டதே காரணம். பின்னோக்கிச் சாய்ந்த இருக்கையில் அமர்ந்து முழங்கையை ஊன்றினால் இதே நிலைதான்.

இதற்கு வழி, உடல் முழுவதையும் அப்படியே முன்னோக்கிச் சுழற்றிவிடுவது. பெரிய பல்சக்கரத்தின் அச்சை மையமாகக் கொண்டு, ஓட்டுபவரின் உருவத்தைக் கடிகார முள்ளைப்போலச் சற்று முன்னே திருப்புவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதுகு தாழும், ஆனால் இடுப்பின் கோணம் முன்போலவே இருக்கும். அமெரிக்காவின் டான் எம்ப்ஃபீல்ட் 1980களின் இறுதியில் இந்தக் கருத்தின்படி, இருக்கைக் குழாய் செங்குத்துக்கு நெருக்கமாக நிற்கும் டிரையத்லான் வண்டியை உருவாக்கினார். சாதாரணப் பந்தய வண்டியில் ஏறத்தாழ 73 பாகையாக இருந்த அக்குழாயின் கோணம், இவ்வகையில் 78 பாகைக்கு உயர்ந்தது.

ஆனால் இயற்கையில் எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை. உடல் முன்னே சுழன்றால் எடையும் முன்னே வரும். இடுப்பெலும்புகள் தாங்கிய பாரம் தொடையிடுக்கின் மென்மையான பகுதிக்கும் தோளுக்கும் மாறும். அங்குள்ள நரம்புகளும் இரத்தக் குழாய்களும் அழுந்தினால் மரத்துப்போகும். தலையைத் தூக்கிச் சாலையைப் பார்க்கக் கழுத்துத் தசைகள் ஓயாமல் உழைக்கும். புதிதாக வாங்கியவர் அரை மணியில் இறங்கிவிடுவதன் மர்மம் இதுதான். ஆண்டுக்கணக்கில் பழகிய வீரரின் படத்தைப் பார்த்து அவரைப்போலவே தாழ்ந்து அமர முயல்வது, அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் அடிப்பதற்கு ஒப்பானது. இரண்டிலும் உடல்தான் முறுக்கப்படுகிறது.

முதல் வண்டி வாங்குவோர்க்கு

முதலில் இருக்கையின் உயரம். வெறுங்காலுடன் சுவரோடு முதுகு ஒட்டி நில்லுங்கள். ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கிடையே வைத்து மேலே இறுகத் தள்ளி, அதன் மேல்விளிம்புக்கு நேராகச் சுவரில் கோடிடுங்கள். தரையிலிருந்து அக்கோடு வரை உள்ள அளவே உங்கள் உட்கால் நீளம். 1967இல் இங்கிலாந்தின் ஹாம்லி, தாமஸ் என்னும் ஆய்வாளர்கள், பெடல் மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது அதிலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை உட்கால் நீளத்தில் 109 விழுக்காடு இருப்பது சிறந்தது என்று கண்டனர். பிற்காலப் பந்தயப் பயிற்சியாளர்கள், பெரிய பல்சக்கரத்தின் அச்சிலிருந்து இருக்கை வரை 0.883 மடங்கு என்றனர்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உட்கால் நீளம் 80 செ.மீ. என்போம். முதல் முறைப்படி 87.2 செ.மீ. இதில் கிராங்கின் நீளமாகிய 17 செ.மீ.யைக் கழித்தால் 70.2 செ.மீ. இரண்டாம் முறைப்படி 70.6 செ.மீ. வெவ்வேறு வழியில் வந்த இரு கணக்குகளும் அரை செ.மீ.க்குள் ஒத்துப்போகின்றன! அளவு நாடா இல்லாதவர்க்கும் வழியுண்டு. ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் ஏறி அமர்ந்து, தாழ்ந்த பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டு நின்றால், பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கி, வேண்டிய உயரம் கிடைத்துவிடும். நம்மூர்ச் சைக்கிள் கடைக்காரரே ஒரு ஸ்பேனரைக் கொண்டு இதைச் செய்து தருவார்.

இரண்டாவது, இருக்கையின் முன்பின் நிலை. இருக்கையை முன்னே தள்ளினால் அச்சுக்கும் அதற்கும் உள்ள தொலைவு சிறிது குறையும். எனவே முன்னே தள்ளியபின் உயரத்தை மீண்டும் அளந்து சரிசெய்ய வேண்டும். மரத்துப்போவதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. இருக்கையின் மூக்கைச் சிறிதே தாழ்த்துவதாலோ, நடுவே பிளவுள்ள இருக்கையை மாற்றுவதாலோ அது பெரும்பாலும் நீங்கும்.

மூன்றாவதாகவே முழங்கைத் தாங்கி. தொடக்கத்தில் அது இருக்கையின் மட்டத்திலேயே இருக்கட்டும். மேற்கை, தோளிலிருந்து தூண்போல இறங்கித் தாங்கியில் ஊன்ற வேண்டும். அப்போது பாரத்தை எலும்பு சுமக்கும். தசை ஓய்வு கொள்ளும். தாங்கி அதிகத் தொலைவில் இருந்தால் தோள் தசைகள் ஓய்வின்றி இழுபடும். சில வாரங்கள் பழகியபின், வேண்டுமானால் அரை அரை செ.மீ.யாகத் தாழ்த்திக்கொள்ளலாம்.

உடல் தரும் குறிப்புகளையும் படிக்கப் பழகுங்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் இருக்கை தாழ்வு. பின்பக்கம் வலித்தாலோ இடுப்பு இருபுறமும் ஆடினாலோ இருக்கை உயரம். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பழைய இடத்தில் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டிவைத்தால், மாற்றம் ஒத்துவராதபோது திரும்பிச் செல்லலாம். வலி நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. முழங்கை ஊன்றியிருக்கும்போது பிரேக் பெரும்பாலும் உங்கள் விரலுக்கு எட்டாது. அது வெளிக் கைப்பிடியில் இருக்கும். வண்டியைத் திருப்பும் ஆற்றலும் குறைவு. ஆகவே பேருந்து நிலையம், கடைவீதி, ஆடுமாடுகள் குறுக்கிடும் சாலை, சிறுமலைப் பாதை போன்ற வளைவுகள் ஆகியவற்றில் வெளிக் கைப்பிடியையே பிடித்து ஓட்ட வேண்டும். முழங்கை ஊன்றுவது விடியற்காலையில் நீண்ட, நேரான, வெறிச்சோடிய சாலைக்கு மட்டுமே உரியது.

காலை அளந்து சக்கரம் கொடுத்த காலத்திலிருந்து, குழந்தைக்கு இடம் தந்த குறுக்குத் தண்டைத் தேர்ந்தெடுத்த புதுக்கோட்டைத் தாய்மார் வரை, வண்டி உடலுக்கு இணங்கிய போதெல்லாம் புதியவர்கள் சாலைக்கு வந்தார்கள். வேகமும் அவ்வழியேதான் வந்தது. நீங்களும் முதலில் இருக்கையைச் சரிசெய்யுங்கள். அடுத்து முழங்கையை ஊன்றும் இடத்தைக் காணுங்கள். ஒரு மணி நேரம் வலியின்றி அமரப் பழகுங்கள். காற்றை வெல்வது அதற்குப் பிறகு.